காட்டுக்கு நம்மள தெரியாது: பொழச்சு வர்ற கதைகளும் நம்ம பொதிகை மலையும்

அமெரிக்க எழுத்தாளரு ஜாக் லண்டன் ஒரே கதைய ரெண்டு தடவ எழுதியிருக்காரு. தலைப்பும் ஒண்ணுதான், 'டு பில்ட் எ ஃபயர்'. முதல் தடவ எழுதினது 1902ல, சின்னப் பசங்க படிக்கிற ஒரு பத்திரிகைக்கு. அதுல வர்ற ஆளுக்கு டாம் வின்சென்ட்னு பேரு, பனியில தனியா நடக்கான், கால் நனைஞ்சு போகுது, தீ மூட்டப் படாத பாடு படுதான், கடைசில கையில காயத்தோட பொழச்சு வந்துடுதான், இனிமே தனியாப் போகக்கூடாதுங்கற புத்தியோட கதை முடியுது. 1908ல அதையே திரும்ப எழுதுதாரு. இந்தத் தடவ அந்த ஆளுக்குப் பேரே கிடையாது. கூட ஒரு நாய் வருது. ஆளு செத்துப் போறான், நாய் பொழச்சுக்குது. இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா படிக்கிறது இந்த ரெண்டாவதத்தான்.

முதல் கதை பாடம் சொல்லுது, ரெண்டாவது கதை இலக்கியம், அப்படின்னு பொதுவா பிரிச்சுச் சொல்லுவாங்க. எனக்கு அது சரியாப் படல. காட்டுல எப்படிப் பொழைக்கணும்னு கத்துக்கிடணும்னா ரெண்டாவது கதையிலதான் விஷயம் நிறைய இருக்கு, ஏன்னா அதுல குளிர் எப்படி வேலை செய்யுது, தண்ணி எங்க ஒளிஞ்சிருக்கு, விரல் எப்ப மரத்துப் போகுதுங்கறதுதான் கதையே. ஹீரோவோட தைரியத்துக்கு அங்க ஒரு வேலையும் இல்ல.

அந்தத் தீ மூட்டுற இடத்த மட்டும் கொஞ்சம் நிதானமாப் பாப்போம். கனடாவோட வடமேக்குல இருக்கிற கிளாண்டைக் பிரதேசம், குளிர் மைனஸ் 75 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் 59 டிகிரி செல்சியஸ். அவ்வளவு குளிர்லயும் மலைச்சரிவுல இருந்து வர்ற ஊத்துத் தண்ணி உறையாம பனிக்கு அடியில ஓடிக்கிட்டே இருக்கும், மேல பாத்தா கெட்டியான பனி மாதிரி தெரியும், அவன் அத மிதிச்சதும் முழங்காலுக்குப் பாதி வரைக்கும் நனைஞ்சுடுது. உடனே தீ போட்டு காலக் காய வைக்கணும், இல்லன்னா கால் போயிடும். அது அவனுக்கு நல்லாவே தெரியும், செய்யவும் செய்யுதான். ஆனா தீய ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்கு அடியில போட்டுடுதான், சுள்ளிய ஒடிச்சு அப்படியே தீயில போட வசதின்னு. ஒவ்வொரு தடவ சுள்ளிய இழுக்கும்போதும் மரம் லேசா ஆடுது. மேல கிளையெல்லாம் பல நாள் பனி ஏறிப் போயி கனமா நிக்கி. உச்சிக் கிளை ஒண்ணு பாரம் தாங்காம பனியக் கொட்டுது, அது கீழ் கிளையில விழுந்து அதுவும் கொட்டுது, மொத்தமா வந்து தீ மேல விழுது. தீ அணைஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் நடக்கிறது எல்லாம் உடம்போட கணக்கு. குளிருல உடம்பு என்ன பண்ணும்னா நடு உடம்பக் காப்பாத்துறதுக்காக கை கால்ல இருந்து ரத்தத்த உள்ள இழுத்துக்கிடும், அதனால விரல் மரத்துப் போகுது, தீக்குச்சியப் பிடிக்க முடியல. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல கட்டா வச்சு எழுபது குச்சியையும் ஒரே உரசல்ல பத்த வைக்கான், கை கருகுற நாத்தம் மூக்குக்கு வருது ஆனா வலி லேட்டாத்தான் தெரியுது. நாயக் கொன்னு அந்தச் சூட்டுல கைய வைக்கலாமான்னு கூட யோசிக்கான், கத்தியப் பிடிக்கக் கையில வலு இல்ல. கடைசில சுகமா ஒரு தூக்கம் வருது. இதுவும் மருத்துவப்படி சரிதான், உடம்புச் சூடு ரொம்ப இறங்கிப் போனா மூளை மந்தமாகி, சிலருக்குச் சூடா இருக்கிற மாதிரியே தோணும், சட்டையக் கழட்டிப் போட்டுட்டுச் செத்தவங்க உண்டு.

லண்டன் இதெல்லாம் மேசையில உக்காந்து மட்டும் யோசிச்சு எழுதல. 1897ல தங்கம் தேடி கிளாண்டைக் போனவரு, ஒரு குளிர்காலத்த அங்க கழிச்சு, வைட்டமின் சி குறைவால வர்ற ஸ்கர்வி நோய் வந்து பல்லு ஈறெல்லாம் கெட்டு 1898ல ஊர் திரும்பினவரு. தங்கம் பெருசா ஒண்ணும் கிடைக்கல, கதைதான் கிடைச்சது.

இந்த மாதிரி எழுதுறதத்தான் நேச்சுரலிசம்னு சொல்லுதாங்க, தமிழ்ல இயல்புவாதம். இதுக்கு விதை போட்ட ஆள்ல முக்கியமானவரு பிரான்சுல எமிலி ஸோலா. அவரு 1880ல ஒரு நீளமான கட்டுரை எழுதி, கிளாட் பெர்னார்டுங்கற மருத்துவ விஞ்ஞானி சோதனைச்சாலையில பண்ணுறதத்தான் நாவலாசிரியனும் பண்ணணும்னாரு. அதாவது ஒரு மனுஷன ஒரு சூழ்நிலைக்குள்ள வை, அவனோட பரம்பரை, பசி, காசு, தட்பவெப்பம் எல்லாம் சேந்து அவன என்ன பண்ணுதுன்னு பாத்து எழுது, நடுவுல நீ புகுந்து நல்லவனுக்கு நல்லது கெட்டவனுக்குக் கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாத. டார்வினோட தாக்கமும் இதுல நல்லாவே உண்டு. ஸோலா இத சுரங்கத் தொழிலாளி, சாராயக்கடை, பாரிஸ் சந்துன்னு நகரத்துப் பக்கம் பயன்படுத்தினாரு, அமெரிக்கக்காரங்க அதே முறைய எடுத்துட்டுப் போயி பனிக்காட்டுலயும் கடல்லயும் வச்சுப் பாத்தாங்க. அங்க அது இன்னும் பளிச்சுனு தெரிஞ்சது, ஏன்னா காட்டுல சமுதாயம்னு ஒண்ணு குறுக்க இல்ல, மனுஷன் உடம்பும் வெளியில இருக்கிற சூடு குளிரும் நேருக்கு நேரா நிக்கி.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஒண்ணு. காடு வில்லன் கிடையாது. அதுக்கு நம்ம மேல கோவமும் இல்ல பாசமும் இல்ல, நம்மள அதுக்குத் தெரியவே தெரியாது. இத மனசுல வாங்கிக்கிட்ட கதைதான் பொழைக்கிற வழியச் சரியாச் சொல்ல முடியும், ஏன்னா அப்பத்தான் எழுதுறவன் காரணத்தத் தேடுவான், பனி ஏன் விழுந்தது, மரம் ஏன் ஆடிச்சுன்னு. காடு பழி வாங்குச்சுன்னு எழுதிட்டா தேடவே வேண்டாம்லா.

அந்தக் கதையில இன்னொரு ஆள் வர்றாரு, நேர்ல வரமாட்டாரு, நினைப்புல மட்டும். சல்ஃபர் க்ரீக்ல இருக்கிற ஒரு பெருசு. மைனஸ் 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ குளிர் போனா யாரும் தனியாப் போகக்கூடாதுன்னு அவரு சொல்லியிருப்பாரு, நம்மாளு அதக் கேட்டுச் சிரிச்சிருப்பான். சாகும்போது, நீரு சொன்னது சரிதான்வே பெருசுன்னு மனசுக்குள்ள ஒத்துக்கிடுவான். எனக்கு அந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது இந்தப் பெருசுதான். அந்த இடத்துல பல காலம் இருந்து, எத்தன பேரு எப்படிச் செத்தான்னு பாத்து வச்சிருக்கிற ஆளு அவரு, பெரிய வீரனா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல.

நம்ம பக்கம் அந்தப் பெருசு யாருன்னு கேட்டா பொதிகை மலையில வாழுற பழங்குடி சனம் காணிக்காரங்கதான். காரையார் மேல மயிலார், இஞ்சிக்குழி பக்கம் குடியிருக்காவ, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துலயும் இருக்காவ. 1987ல கேரளப் பக்கத்துல இருந்து ஒரு விஞ்ஞானிக் கூட்டம் அகத்தியமலை, அதாவது நம்ம பொதிகை, ஏறுது, வழிகாட்ட காணிக்காரங்க கூட வர்றாவ. படிச்சவங்க எல்லாம் மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க, காணிக்காரங்க மட்டும் ஏதோ ஒரு சின்னக் காய வாயில போட்டு மென்னுக்கிட்டே சுறுசுறுப்பா நடக்காவ. என்னன்னு கேட்டா முதல்ல சொல்ல யோசிச்சிருக்காவ, அப்புறம்தான் காட்டிக் கொடுத்தாவ, அதுதான் ஆரோக்கியப்பச்சை. பின்னாடி அதுல இருந்து ஜீவனின்னு ஒரு மருந்து தயாரிச்சு, வந்த காசுல ஒரு பங்கு காணிக்காரங்களுக்குக் கொடுக்க ஏற்பாடு பண்ணினாங்க. மலைய வாழ்க்கையா வச்சிருக்கிற சனத்துக்கும் டூருக்கு வர்ற நமக்கும் உள்ள தூரம் எவ்வளவுன்னு இதுலயே தெரியும்.

சரி, நம்ம மலையில மைனஸ் 59 எல்லாம் கிடையாது. அப்ப நம்ம காட்டுல ஒரு பொழைக்கிற கதை எழுதுனா எது ஆளக் கொல்லும்? நிறைய பேருக்கு உடனே புலி ஞாபகம்தான் வரும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்னு பேரு இருக்கிறதால. ஆனா மலையடிவாரத்துல கடையம், பாபநாசம், சிங்கம்பட்டி பக்கம் இருக்கிறவங்களக் கேட்டுப் பாருங்க, அவங்க பயப்படுறது கரடிக்கு. கரடிக்குக் கண் பார்வை சுமார்தான், தலையக் குனிஞ்சு கரையானத் தேடிக்கிட்டு இருக்கும், நாம திடீர்னு பக்கத்துல போயி நின்னா அது மிரண்டு மேல பாயும், மூஞ்சியத்தான் கிழிக்கும். அதனால காட்டுப் பாதையில பேசிக்கிட்டே, சத்தம் கொடுத்துக்கிட்டே போகணும். கதையில எல்லாம் ஹீரோ சத்தமில்லாம பூனை மாதிரி நடப்பான், அது கரடிக் காட்டுல பண்ணக்கூடாத வேலை.

ஆனா உண்மையான எமன் இங்க தண்ணிதான். நீங்க நிக்கிற இடத்துல வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மேக்க மலையில மட்டும் கருத்திருக்கும், அங்க ஒரு பாட்டம் மழை கொட்டிச்சுன்னா பாறைச் சரிவுல ஊறி இறங்க மண்ணு குறைவு, பூராத் தண்ணியும் ஓடையில சேந்து நிமிஷக் கணக்குல கீழ வந்துடும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல இப்படித்தான் திடீர்னு வெள்ளம் வந்து, குளிச்சுக்கிட்டு இருந்த கூட்டம் சிதறி ஓடி, பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் உயிர் போச்சு. அந்த வீடியோ எல்லாரு போன்லயும் வந்துச்சு, பாத்தவங்களுக்கு நெஞ்சு பதறும். மழை அங்க, சாவு இங்க.

இதுக்கு அறிகுறி உண்டு. தெளிஞ்ச தண்ணி லேசாக் கலங்கும், சருகும் சுள்ளியும் கூட்டமா மிதந்து வரும், தண்ணிச் சத்தம் மாறும், மேல இருந்து திடீர்னு கூதக்காத்து வரும். இந்த நாலுல ஒண்ணு தெரிஞ்சாலும் துணிய எடுக்க நிக்காம மேட்டுக்கு ஏறணும், கரையோரமா ஓடக்கூடாது, பக்கவாட்டுல உசரத்துக்கு ஏறணும். வேகமா ஓடுற தண்ணின்னா முழங்காலுக்குக் கீழ இருந்தாலே ஆளத் தட்டிடும், காலுக்கு அடியில பாறை வழுக்கும் வேற. ஒரு இயல்புவாத எழுத்தாளன் கையில இது கிடைச்சா எப்படி எழுதுவான்னு யோசிச்சுப் பாருங்க, ஓடை நடுவுல பாறையில உக்காந்து சோத்துப் பொட்டலத்தப் பிரிக்கிற நாலு பேரு, ஒருத்தன் கால்ல ஒரு சருகு வந்து ஒட்டுது, அவன் அதத் தட்டி விட்டுட்டுத் திங்குறான். அந்த ஸ்ப்ரூஸ் மரத்துப் பனி மாதிரி அந்தச் சருகுலதான் மொத்தக் கதையும் இருக்கு.

குளிர் இங்க கொல்லாதுன்னும் நினைக்கக்கூடாது. மாஞ்சோலைக்கு மேல இருக்கிற நாலுமுக்கு, ஊத்துங்கற ஊரெல்லாம் தமிழ்நாட்டுல மழை ரொம்ப அதிகமாப் பெய்யுற இடங்க. ஐப்பசி கார்த்திகையில அங்க நனைஞ்ச துணியோட காத்துல ராத்திரி பூரா மாட்டிக்கிட்டா, வெளியில பத்துப் பதினஞ்சு டிகிரி இருந்தாலும் உடம்புச் சூடு 35க்குக் கீழ இறங்கிடும், உறைபனி வேணும்னே அவசியம் இல்ல. ஈரத்துணி உடம்புச் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஆளு உளற ஆரம்பிச்சா, காலு பின்ன ஆரம்பிச்சா, அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு அவனே சொல்லுவான், நம்பக்கூடாது, ஈரத்தக் கழட்டிக் காஞ்சதப் போத்தி விடணும். அட்டை கடிக்கிறதெல்லாம் இது முன்னாடி ஒண்ணுமே இல்ல, ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு அது ஏதோ விட்டுட்டுப் போயிடும், அதனால கொஞ்ச நேரம் வடியும் அவ்வளவுதான். கதைக்காரங்களுக்கு அட்டைன்னா ஒரு குஷி, பக்கம் பக்கமா எழுதுவாங்க.

தப்பான பாடம் சொல்லிக் கொடுக்கிறதுல பாம்புக்கடிக்கு ஈடு எதுவும் இல்ல. கதையிலயும் சினிமாவுலயும் கடிச்ச இடத்தக் கீறி வாயால உறிஞ்சித் துப்புவாங்க, துணியால இறுக்கிக் கட்டுவாங்க. ரெண்டும் கெடுதல். கடிபட்ட கை காலு அசையாம வச்சு, ஆள நடக்க விடாம தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் வழி. நம்ம நாட்டுல கொடுக்கிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் பண்ணினது, மலையில மூக்கு தூக்கினாப்ல ஒரு குழிவிரியன் ஜாதி இருக்கு, அதோட கடிக்கு இந்த மருந்து எடுபடாது, சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். ஒரு எழுத்தாளன் இத மட்டும் சரியா எழுதுனாக்கூட அதப் படிச்ச ஒருத்தன் என்னைக்காவது ஒரு உயிரக் காப்பாத்துவான், அதனாலதான் இதுல எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருது.

இந்தச் சண்டை புதுசும் இல்ல. 1903ல அமெரிக்காவுல ஜான் பரோஸ்னு ஒரு இயற்கை ஆராய்ச்சியாளரு, மிருகத்தப் பத்திக் கதை எழுதுறவங்க பொய்யப் பூசி உண்மைன்னு விக்காங்கன்னு பத்திரிகையில வெளுத்து வாங்கினாரு. ஒருத்தரு, காலு ஒடிஞ்ச ஒரு பறவை தானே சேத்த எடுத்துக் கட்டுப் போட்டுக்கிச்சுன்னு எழுதியிருந்தாரு. 1907ல அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே இதுல இறங்கி லண்டனையும் சேத்துத் திட்டினாரு, லண்டன் 1908ல பதில் கட்டுரை எழுதினாரு. அந்தச் சண்டையால நல்லது நடந்ததுன்னுதான் சொல்லுவேன், காட்டப் பத்தி எழுதுறவனுக்குக் காட்டு முன்னாடி ஒரு பொறுப்பு உண்டுன்னு அப்பத்தான் நிறைய பேருக்கு உறைச்சது.

கடலுக்கு வருவோம், நம்ம சீமைக்குக் கடலும் ஒரு காடுதான். இன்னொரு அமெரிக்க எழுத்தாளரு ஸ்டீஃபன் கிரேன் 1897 ஜனவரியில ஃப்ளோரிடா பக்கம் கப்பல் முங்கி, ஒரு குட்டிப் படகுல நாலு பேரா ஒரு நாளைக்கு மேல தத்தளிச்சாரு. அத வச்சு 'தி ஓபன் போட்'னு கதை எழுதினாரு. அதுல கரைக்குப் பக்கத்துல படகு கவுந்ததும் நாலு பேரும் தண்ணிக்குள்ள. சமையக்காரரு மிதவைச் சட்டை போட்டிருக்காரு, கேப்டன் கவுந்த படகப் பிடிச்சிருக்காரு, பத்திரிகைக்காரன் கையில மிதவைத் துண்டு ஒண்ணு இருக்கு. நாலாவது ஆளு எஞ்சின் ரூம்ல வேலை பாக்குறவரு, நாலு பேர்லயும் பலசாலி, நல்ல நீச்சக்காரரு, எல்லாருக்கும் முன்னால வேகமா நீந்திப் போறாரு. செத்தது அவருதான். கப்பல்ல ரெண்டு ஆள் வேலை பாத்த களைப்பு, அப்புறம் ராத்திரி பூரா துடுப்புப் போட்ட களைப்பு, கையில மிதக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அங்க நியாயம் எங்க இருக்குன்னு கேட்டா கதையில பதில் கிடையாது. ஆனா எதையாவது பிடிச்சு மித, பலத்த நம்பி நீந்தாதங்கறது அந்தச் சாவுல அப்படியே தெரியுது, தனியா எடுத்துச் சொல்லணும்னே இல்ல.

நம்ம உவரிக்காரரு ஜோ டி குருஸ் 2004ல எழுதின 'ஆழி சூழ் உலகு' இந்த வரிசையில வைக்க வேண்டிய நாவல். நடுக்கடல்ல மாட்டிக்கிட்ட மூணு பேர வச்சு ஒரு பரதவர் கிராமத்தோட தலைமுறைக் கதையச் சொல்லுதாரு. யாரு கரை சேந்தாங்கன்னு நான் சொல்லல, படிக்காதவங்க படிக்கணும். கிரேன் கதையில இல்லாத ஒண்ணு அதுல உண்டு, கடல்ல மிதக்கிற ஒவ்வொருத்தன் பின்னாலயும் ஒரு ஊரே இருக்கு. கடலுக்கு அவங்களத் தெரியாது, ஆனா அவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியும். இந்த இடத்துல நம்ம ஆளுங்க இயல்புவாதத்த அப்படியே காப்பி அடிக்காம அதத் தாண்டிப் போறாங்கன்னு எனக்குத் தோணுது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டினப்ப திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போயி, சுத்தி வெள்ளம், நூத்துக்கணக்கான பேரு ஸ்டேஷன்லயே மாட்டிக்கிட்டாங்க. பொழச்சது பக்கத்து ஊர் சனங்க சமைச்சுப் போட்டதால. லண்டனோட பெருசு தனியாப் போகாதன்னு சொன்னதுக்கு இதவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சங்கப் பாட்டுல பாலைத்திணையப் படிச்சா இந்தப் பார்வை நமக்கு அப்பவே இருந்திருக்குன்னு தெரியும், ஆனா வேற மாதிரி. குறுந்தொகையில பாலை பாடிய பெருங்கடுங்கோ, பெண் யானையோட பசியத் தீக்க ஆண் யானை யா மரத்துப் பட்டைய உரிக்கிறதச் சொல்லுதாரு. யானை காஞ்ச காலத்துல பட்டைய உரிச்சுத் திங்குறது நிஜம், காட்டப் பாத்தவந்தான் அத எழுத முடியும். ஆனா அந்த யானை அங்க நிக்கிறது தலைவிக்கு ஆறுதல் சொல்லுறதுக்காக, போற வழியில தலைவன் அதப் பாத்து உன்ன நினைச்சுக்கிடுவான்னு தோழி சொல்லுதா. காடு மனுஷன்கிட்ட பேசுது. லண்டன் காடு பேசாது. எது பெருசுன்னு நான் சண்டைக்கு வரல, கவனிச்சுப் பாத்து எழுதுறதுல ரெண்டும் ஒண்ணுதான்.

பாலைய இன்னைக்கு எழுதணும்னா தேரிக்காடு இருக்கு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல்னு மணல் மேடு, பகல்ல கால் வைக்க முடியாது, காத்துக்காலத்துல மணல் நகந்து நேத்துப் பாத்த தடம் இன்னைக்கு இருக்காது. வெயில்ல நடக்கிற ஆளுக்கு ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வரைக்கும் கூட வேர்வை போகும், மணல்ல காலு புதையப் புதைய இன்னும் ஜாஸ்தி. ஆனா அதே மணல் பெய்யுற மழையப் பூரா உள்ள வாங்கி வச்சுக்கிடுது, மேட்டுக்கு அடிவாரத்துல அது சுனையா வெளிய வருது, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்ல போயிப் பாருங்க. தாகத்துல இருக்கிறவன் வழி தெரியணும்னு மேடேறி நிப்பான், தண்ணி இருக்கிறது பள்ளத்துல. பனையேறி ஒருத்தருக்கு இது தெரியும், டவுன்ல இருந்து போற பையனுக்குத் தெரியாது. மத்தியானம் பனையேறி தேரிக்குள்ள இருக்க மாட்டாரு, விடியலுக்கு முன்னாடியே மரம் ஏறிட்டு நிழலுக்குப் போயிருப்பாரு, அதனால அந்தப் பையன் கூப்பிட்டாலும் கேக்க ஆளு இருக்காது. இத எழுதுறதுக்கு ஒரு பேயும் வேண்டாம் புதையலும் வேண்டாம், ஒரு பாட்டில் தண்ணி, ஒரு மே மாசத்து மத்தியானம், எந்தப் பக்கம் இறங்கணும்னு தெரியாத ஒரு பையன், அவ்வளவு போதும். நம்ம பக்கத்துல யாராச்சும் எழுதுங்க, நான் தேடிப் பிடிச்சுப் படிப்பேன்.